மாமாவின் பழைய கிட்டாருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

உங்கள் கேள்வி இது. கும்பகோணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்த தாய்மாமா காலமாகிவிட்டார். பரணில் கிடந்த அவருடைய எலெக்ட்ரிக் கிட்டார் இப்போது உங்களிடம் இருக்கிறது. ஜப்பானில் செய்தது. பெட்டிக்குள் ஒரு சிங்கப்பூர்க் கடையின் ஸ்டிக்கரும், மாமாவின் கையெழுத்தில் 1969 என்ற எண்ணும் இருக்கின்றன. மேலே பெயிண்ட் உதிர்ந்து, கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. பெயிண்ட் அடித்து, உள்ளே இருப்பதை மாற்றிப் புதுசாக்கலாமா? விற்றுவிட்டு வேறு வாங்கலாமா? பழைய கிட்டார் மேல் ஆட்களுக்கு ஏன் இத்தனை மோகம்?

பெயிண்ட் அடிக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது திரும்பி வராது.

முப்பது வருடமாக மயிலாடுதுறையில் ஆம்ப்ளிஃபயரும் மேடை வாத்தியங்களும் பழுதுபார்க்கிறேன். டெல்டாப் பக்கத்து ட்ரூப்களின் கிட்டார்கள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் கல்கத்தாவில் செய்தவை. மீதியில் பெரும்பாலானவை உங்களுடையதைப் போலக் கடல் தாண்டி வந்தவை. அந்தக் காலத்தில் வெளிநாட்டு வாத்தியத்தைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. இறக்குமதிக் கட்டுப்பாடு அப்படி. ஆனால் நமக்குச் சிங்கப்பூர் தூரமில்லை. ராஜுலா கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை அது ஓடியது. நாகூர், காரைக்கால், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் என்று இங்கே எத்தனையோ ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது மலாயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வார்கள். துணி, டிரான்சிஸ்டர், சென்ட் பாட்டிலோடு சில சமயம் ஒரு கிட்டாரும் வந்து இறங்கியிருக்கிறது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும். படகில் ஆட்களையும் சாமான்களையும் இறக்குவார்கள். உங்கள் மாமாவுடையதும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று அந்த ஸ்டிக்கரை வைத்து நினைக்கிறேன். அதைக் கிழித்துவிடாதீர்கள்.

சரி, மோகம் ஏன் என்பதற்கு வருகிறேன். அதற்கு இந்த வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

மக்கள் வாங்கும்படி வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார் என்று 1932இல் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் விற்றதைச் சொல்வார்கள். ஜார்ஜ் பீச்சம் என்பவரின் யோசனை. வட்டமான சின்ன உடம்பும் நீளமான கழுத்துமாக வாணலி மாதிரி இருந்ததால், வாணலி என்றே அதற்குப் பட்டப்பெயர். மடியில் படுக்கவைத்து, ஒரு இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய் முறைக் கிட்டார் அது. நம் கோட்டுவாத்தியமும் இப்படித்தான், கட்டையை நகர்த்தி வாசிப்பது. அதைக் கச்சேரி மேடையில் பிரபலமாக்கிய சகாராம ராவ் உங்களுக்குப் பக்கத்து ஊர், திருவிடைமருதூர்க்காரர். கட்டையை நகர்த்தி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போகும் அந்தச் சுகம் இரண்டுக்கும் பொது. ஒரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். அந்த வாணலியின் உடம்பு அலுமினியம். மரம் பற்றிப் பிறகு பேசும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சத்தம் வருவது பிக்கப்பிலிருந்து. கம்பிகளுக்குக் கீழே ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி அளவுக்கு மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி வகையில் சுமார் 8,000 சுற்று இருக்கும். எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது அந்தச் செப்புச் சுருளில், அதாவது காயிலில், மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த அதே தத்துவம். பிக்கப் என்பது மைக் இல்லை, காற்றில் வரும் சத்தத்தை அது கேட்பதில்லை, கம்பி அசைவதைத்தான் உணர்கிறது. நைலான் கம்பி மாட்டினால் ஆம்பில் ஒன்றுமே வராது.

இந்தக் காயிலை ஐம்பதுகளில் எப்படிச் சுற்றினார்கள் என்பதில்தான் பழைய கிட்டாரின் பாதி ரகசியம் இருக்கிறது. சுழற்றுவது மோட்டார், ஆனால் கம்பியை இங்கும் அங்கும் வழிநடத்தியது கை. ஃபெண்டர் தொழிற்சாலையில் இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபார்ரா சுற்றிய பிக்கப்புகளை இன்றும் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். கை இழுக்கும் விறைப்பு ஒரு மாதிரி இருக்காது. ஒன்றில் நூறு சுற்று கூடும், ஒன்றில் குறையும். சுற்று கூடினால் சத்தம் கூடி மேல் ஸ்தாயியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும், குறைந்தால் கூர்மை அதிகமாகும். அதனால் ஒரே மாதத்தில் ஒரே மேஜையில் செய்த இரண்டு கிட்டார் கூட ஒரே குரலில் பேசாது. பிறகு இயந்திரம் எண்ணிச் சுற்றத் தொடங்கியதும் எல்லாம் ஒரே அளவாகிவிட்டது. தவறு குறைந்தது, அதோடு தனிக்குரலும் குறைந்தது.

லியோ ஃபெண்டர் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950இல் அவர் விற்ற பிராட்காஸ்டர் என்ற கிட்டார்தான் அடுத்த வருடம் டெலிகாஸ்டர் ஆயிற்று, 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. பழுதுபார்க்கிறவன் மனசோடு அதைச் செய்திருக்கிறார். கழுத்தை, அதாவது நெக்கை, ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் பொருத்தினார், கெட்டால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எழுபது வருடம் கழித்தும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் அதை எங்கள் ஊரில் உட்கார்ந்து நான் சரிசெய்துவிட முடிகிறது. ஐந்து வருடத்துக்கு முந்தைய கீபோர்டின் போர்டு போனால் கைவிரிக்க வேண்டியிருக்கிறது. பழைய கிட்டார் எனக்குப் பிடித்துப்போன முதல் காரணம் இதுதான். 1965 ஜனவரியில் அவர் தன் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன் செய்தது, பின் செய்தது என்று வாசிப்பவர்கள் இன்றுவரை பிரித்துப் பேசுகிறார்கள்.

இதைவிட விநோதமானது கிப்சன் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி செய்த லெஸ் பால் கிட்டாரின் கதை. 1958 முதல் 1960 வரை சிவப்பும் மஞ்சளும் கலந்த சன்பர்ஸ்ட் நிறத்தில் சுமார் 1,500 கிட்டார்தான் செய்தார்கள். கனம் அதிகம், விலையும் அதிகம், சரியாகப் போகவில்லை. 1961இல் அந்த வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். 1966இல் இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அந்தப் பழைய மாடல் ஒன்றை மார்ஷல் வால்வு ஆம்பில் மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றி ரெக்கார்டு செய்தார். தடித்து, நீண்டு, அழுகைபோல இழுபடும் அந்த நாதத்தைக் கேட்ட வாலிபர்கள் பழைய சாமான் கடைகளில் அதைத் தேடத் தொடங்கினார்கள். 1968இல் கம்பெனியே மறுபடி லெஸ் பால் செய்ய வேண்டியதாயிற்று. பழைய எலெக்ட்ரிக் கிட்டார்தான் வேண்டும் என்ற ஆசை இப்படி வாசிப்பவர்களின் காதிலிருந்து வந்தது. பணக்காரர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். பிங்க் ஃப்ளாய்டு குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனதெல்லாம் அந்த வழியில் வந்த கதை.

இனி மரம். நம் ஊர்க்காரர்களிடம் பழைய வாத்தியம் என்றால் முதலில் மரத்தைத்தான் நினைப்பார்கள், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டு காய்ந்து ஊறிய உத்திரங்களைத் தேடி வாங்குவார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி தாழ்ந்த சுருதி நாதஸ்வரமான பாரி நாயனத்தைச் செய்துகொடுத்த ஊர் அது. 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம். இந்த வாத்தியங்களில் மரம்தான் ஒலியைத் தாங்குகிறது. அங்கே மரம் பழசான பிறகுதான் வாத்தியமே பிறக்கிறது.

எலெக்ட்ரிக் கிட்டார் அப்படி இல்லை. நல்ல மரத்தில் செய்த நெக் கம்பியின் அதிர்வை விழுங்காமல் நிறுத்தி வைக்கும், உண்மைதான். ஆனால் மரம் முதிர முதிர நாதம் கனிகிறது என்று விற்பவர்கள் சொல்வதில் முக்கால்வாசியை நான் நம்புவதில்லை. அந்த அலுமினிய வாணலியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜப்பான் கிட்டாரின் உடம்பு பிளைவுட்டாகவே இருக்கலாம், பார்த்து மனம் தளர வேண்டாம். ஆம்ப் வரைக்கும் போகும் ஒலியைத் தீர்மானிப்பது பிக்கப், அதற்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி, வால்யூம் கன்ட்ரோலின் அளவு, கடைசியாக ஆம்ப்.

வயலினில் ஒரு சோதனை நடந்தது. க்ளோடியா ஃப்ரிட்ஸ், ஜோசப் கர்ட்டின் ஆகியோர் அடங்கிய குழு 21 வயலின் கலைஞர்களின் கண்ணை மறைத்து மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் கொடுத்தது. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ், ஒன்று குவார்னேரி, இரண்டுமே இத்தாலியின் பழம்பெரும் கைவினைஞர்களின் பெயர். 2012இல் வெளிவந்த முடிவின்படி, பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துப் போக விரும்பியது புதிய வயலினைத்தான். எது பழசு என்று அவர்களால் சரியாகச் சொல்லவும் முடியவில்லை. அதனால் வயசு மட்டுமே ஒரு வாத்தியத்தை உயர்த்திவிடாது. இன்னொன்றும் உண்டு. ஐம்பதுகளில் மோசமான கிட்டார்களும் நிறையச் செய்தார்கள். அவற்றை யாரும் பத்திரப்படுத்தவில்லை. நல்லவையே தங்கின, அவற்றைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்கிறோம்.

அப்படியென்றால் மோகத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? என் பதில், கை. காயில் சுற்றிய கை ஒன்று. அதைவிட முக்கியமாக, நாற்பது வருடம் வாசித்த கை. நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களின் ஓரங்கள் ஓயாமல் உரசி உரசி உருண்டுபோயிருக்கும். நெக்கின் பின்புறம் பெருவிரல் ஓடிய தடம் வழவழப்பாகிவிடும். அதைப் பிடித்தால் கை தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, புதிய கிட்டாரில் இது கிடைக்காது. வலது முன்கை பதியும் இடத்தில் பூச்சு தேய்ந்து மரம் தெரியும். மாமா எந்த கார்டை, அதாவது ஒன்றாகப் பிடிக்கும் எந்தச் சுரக்கூட்டத்தை, அதிகம் பிடித்தார் என்பதைக்கூட ஃப்ரெட்களின் பள்ளத்தைப் பார்த்து என்னால் ஓரளவு சொல்லிவிட முடியும். ஃபெண்டர் கம்பெனியே 1995 முதல் புதிய கிட்டார்களைத் தேய்த்து, கீறி, துருவேற்றிப் பழசு போலாக்கி அதிக விலைக்கு விற்கிறது. உங்கள் கையில் இருப்பதில் அந்தத் தேய்மானம் மாசிமகக் கச்சேரியிலும் கந்தூரிக் கச்சேரியிலும் உண்மையாகவே வந்தது. அதைக் காசு கொடுத்து அழிக்க நினைக்கிறீர்கள்.

இப்படி அழிந்துபோன ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பையன், அப்பா வாசித்த சிவப்புக் கிட்டாரைக் கொண்டுவந்தான். அதற்கு முன்பே கார் பெயிண்ட் அடிக்கும் இடம் ஒன்றில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். நெக் உட்காரும் பள்ளத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் இறங்கியதில் நெக் நேராக உட்காரவில்லை, கம்பி விரற்கடை உயரத்தில் நின்றது. பள்ளத்தைச் சுரண்டி நெக்கை நேராக்கினேன். பழைய பிக்கப் இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டு ஆன்லைனில் வாங்கியதை மாட்டியிருந்தான். கிட்டார் பேசியது, நன்றாகவே பேசியது. அவன் கையில் வாங்கி, அப்பாவின் முழங்கை பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அதற்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அந்தக் கால ஜப்பான் கிட்டார்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. டெய்ஸ்கோ, குயாட்டோன் போன்றவை அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைகளுக்கு மலிவு விலையில் போனவை. நெக் தடிமன், சுவிட்சுகள் அதிகம், சுருதி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் தங்கத்தாள் ஒட்டியது போல இருக்கும் டெய்ஸ்கோ பிக்கப்பின் நாதம் தனி. ரை கூடர் போன்ற பெரிய கலைஞர் அதைக் கழற்றித் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பொருத்திக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவற்றுக்கே தனியாக ஒரு சந்தை உண்டாகிவிட்டது. உங்களுடையது எந்த மாடல் என்று படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன். பழைய பாகங்கள் அப்படியே இருந்தால் விலை நிற்கும், ஒன்றை மாற்றினாலும் இறங்கும். விற்கத்தான் வேண்டும் என்றால் முதலில் துடைத்து, வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு விலை கேளுங்கள். நானாக இருந்தால் விற்க மாட்டேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துருப்பிடித்த கம்பிகளைத் தளர்த்திய பிறகு வெட்டுங்கள், விறைப்பாக இருக்கும்போது வெட்டினால் கண்ணில் தெறிக்கும். ஸ்க்ரூவெல்லாம் நாகைக் காற்றிலும் பரண் ஈரத்திலும் இறுகியிருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்து, சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். தலை வழுக்கிவிட்டால் பெரும்பாடு. ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும், மாற்ற வேண்டியதில்லை. பிக்கப்பை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். சில கிலோ ஓம் காட்டினால் உயிரோடு இருக்கிறது. ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது, அதையும் மறுபடி சுற்றிவிடலாம். ஃபேன் காயில் கட்டும் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இந்தக் கம்பியின் மெல்லிசு அவர்கள் பழகியது இல்லை. விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டில் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், சிக்கு வாடை பிடித்து அழுக்கு சேரும். காய்ந்த துணியால் துடைத்தாலே பாதி நிறம் திரும்பி வரும்.

எர்த் விஷயத்தில் அலட்சியம் கூடாது. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், அவற்றை உடம்பில் தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் உடம்போடு இணைந்திருக்கின்றன. பந்தலில் எர்த் இல்லாத லைன் போட்டு, ஆம்பில் கசிவும் இருந்து, கை கம்பியிலும் வாய் மைக்கிலும் பட்டால் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் 1972இல் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இப்படித்தான் இறந்தார். மூன்று பின் பிளக், சோதித்த எர்த், இரண்டும் இல்லாத இடத்தில் வாசிக்காதீர்கள். மாமாவின் ஆம்பும் ஜப்பானிலிருந்து வந்தது என்றால் பின்னால் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நேராக நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும்.

திரும்பப் பரணில் ஏற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெட்டியின் துணி பூசணம் பிடிக்கும். கூடத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், கை எட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைத்துவிடுங்கள்.

கம்பி மெல்லிய செட்டாக, 10 நம்பர் அல்லது அதற்கும் குறைவாக வாங்குங்கள், இத்தனை காலம் சும்மா கிடந்த நெக்குக்கு அது போதும். சுருதியை ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஏறி நின்றதும் ஆம்ப் எதுவும் போடாமல், உடம்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பாருங்கள். அதிர்வு விலாவில் வந்து தட்டும். அப்புறம் இடது பெருவிரலை நெக்கின் பின்னால் மேலும் கீழும் ஓட்டுங்கள். எங்காவது ஓர் இடத்தில் விரல் வழுக்கிப் போய் நிற்கும். மாமாவுக்குப் பிடித்த பாட்டுகளை அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.